தாவூது போட்ட முடிச்சு

ஒரு முழ ரப்பர் குழாயை அந்தப் பக்கமிருந்து கழற்றி இந்தப் பக்கம் போடுவதற்கு ஒரு மனிதனுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? குரு பவளக்கொடியைக் கேட்டால், ஒரு டீ குடிக்கிற நேரம் என்பாள். சீடர் மரியசூசைக்கு மழைக்காலம் முழுக்கப் போயும் அது முடியவில்லை.

குரு என்றதும் தாடி, காவி எல்லாம் தேட வேண்டாம். மலையடிவாரத்தில் ஜீப்புக்கு வேலை பார்க்கிற பட்டறை அவளுடையது. சீடரைவிடப் பதினைந்து வயது சின்னவள். மரியசூசை தலை நரைக்கிற வரைக்கும் மலையில் ஜீப் ஓட்டியவர். ஆனால் பானெட்டைத் திறந்தால் கும்பிடு போட்டுவிட்டு மூடிவிடுவார். பழைய இன்ஜின் கடைசி மூச்சை விட்டதும், இழுவையைக் கூட்டும் டர்போ வைத்த இன்ஜின் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

"நீ மாட்டித் தர வேணாம். எனக்கு மாட்டச் சொல்லிக் குடு" என்றார். அன்றையிலிருந்து அவள் அவருக்கு வாத்தியாரம்மா.

இன்ஜினை இறக்கினது, ஏற்றினது எல்லாம் நல்லபடியாக முடிந்தது. வம்பு பண்ணியது குழாய்கள்தான். பழையதைப் போலவே புது இன்ஜினிலும் ஒரு சின்ன பம்ப் குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்த உறிஞ்சலில்தான் டர்போ இழுக்க வேண்டும், புகை அடங்க வேண்டும், பிரேக்கும் மிதித்ததும் லேசாக இறங்க வேண்டும். ஒரு குழாயில் ஓட்டை விழுந்தால் மூன்றும் சேர்ந்து முரண்டு பிடிக்கும்.

ஓட்டை விழுந்தது. மாற்றினார். அதே இடத்தில் மறுபடியும் விழுந்தது. அந்த முறை வண்டிக்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். இறக்கத்தில், வளைவில், பிரேக் கல்லாகிவிட்டது. மரியசூசை வண்டியை மண்மேட்டில் சாய்த்து நிறுத்தினார். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனாலும் பெற்றவர்கள் சொல்லிவிட்டார்கள்: "திங்கக்கிழமைக்குள்ள சரியாச்சுன்னா பிள்ளைகள ஏத்துங்க மாமா. இல்லைன்னா கோச்சுக்காதீங்க, வேற ஜீப்பு பாத்துக்கிறோம்."

சனிக்கிழமை காலையில் இன்னொரு புதுக் குழாயைப் போட்டுக்கொண்டு பட்டறைக்கு வந்தார்.

"என்னண்ணே, மறுபடியும் குழாயா? வளைகாப்புக்கு வளையல் அடுக்குற மாதிரி அடுக்குறீங்க?"

"சிரிக்காத. இது கெட்டி ரப்பர். தாங்கும்."

"எந்த வழியா போட்டீங்க?"

"எப்பவும் போற வழிதான்."

பவளக்கொடி குனிந்து பார்த்தாள். பழைய கிளிப்புகள் வழியாகவே குழாய் வலதுபக்க ஓரமாகப் போயிருந்தது. நடுவில் அதை ஓரத்துக்கு இழுத்துக் கட்டிய ஒரு பழைய துணி; முடிச்சை அவிழ்க்காமலே குழாயை அதற்குள் நுழைத்திருந்தார். நீலக் கட்டம் போட்ட கைலித் துணி. அதற்குக் கொஞ்சம் தள்ளி டர்போ உட்கார்ந்திருந்தது.

"நீயே சொல்லு வாத்தியாரம்மா. இத்தனை வருசமும் இதே வழியிலதான் குழாய் போச்சு. ஒரு நாள் மக்கர் பண்ணலை. இப்ப மட்டும் ஏன்?"

அவள் பானெட்டை இறக்கி மூடினாள்.

"மேல செக்போஸ்ட் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வாங்கண்ணே. வர்றப்போ அங்க கடையில ஒரு பாக்கெட் அப்பளம்."

"நான் கேள்வி கேட்டா நீ அப்பளம் கேக்குற!"

"எம் பொண்ணு அப்பளம் இல்லாம சோத்துல கை வைக்க மாட்டேங்குறா. போயிட்டு வாங்க."

மரியசூசை முனகிக்கொண்டே வண்டியை எடுத்தார். டர்போ இழுத்தது, ஏற்றம் ஏற்றமாகவே தெரியவில்லை. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. பழைய இன்ஜின் ஒவ்வொரு மேட்டிலும் இருமும், திட்டும். பக்கத்து சீட்டில் தாவூது அதனோடு சேர்ந்து திட்டுவான். இருவரும் கூட்டாக வாங்கிய வண்டி. ஹாரன் கெட்டுப்போன காலத்தில், வளைவு வந்தால் தாவூது கையை வெளியே விட்டுக் கதவைத் தட்டுவான். தப்... தப்... எதிரே வருகிறவன் ஒதுங்கிக்கொள்வான். ஹாரன் மாட்டிய பிறகும் அந்தத் தட்டு நிற்கவில்லை. தாவூது போன வருடம் போய்ச் சேர்ந்தான். மரியசூசை இன்னும் ஒவ்வொரு வளைவிலும் ஒரு நொடி காதைத் தீட்டிக்கொண்டுதான் திரும்புகிறார்.

அப்பளத்தோடு திரும்பி வந்ததும் பவளக்கொடி பானெட்டைத் தூக்கினாள். அனல் முகத்தில் அடித்தது. பாக்கெட்டைப் பிரித்து ஓர் அப்பளத்தைக் குறடால் பிடித்து, டர்போவின் மேல் ஒட்டினாற்போலக் காட்டினாள்.

அப்பளம் நெளிந்தது. கொப்புளம் விட்டது. வாசம் வந்தது.

"அடுப்பே வேணாம் போலிருக்கே" என்றார் மரியசூசை. சிரிக்கப் பார்த்தார், முழுசாக வரவில்லை.

அவள் பாதியை உடைத்து அவரிடம் நீட்டினாள். இருவரும் நின்றுகொண்டே தின்றார்கள்.

"இந்தத் துணி யாருதுண்ணே?"

"தாவூது கைலி."

"எப்படி இங்க வந்துச்சு?"

மரியசூசைக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அது பெரிய கூத்து. வண்டி வாங்குன புதுசு. கல்யாண வீட்டு ஆளுகள ஏத்திக்கிட்டு இறங்குறோம், பிரேக்கு புடிக்கலை. எப்படியோ நிப்பாட்டிப் பாத்தா, குழாய் கிளிப்ப விட்டுக் கழண்டு சைலென்சர் மேல கிடந்து உருகிப்போச்சு. இவன் என்ன பண்ணான் தெரியுமா? சரக்குனு கைலியக் கிழிச்சான். வண்டி நிறையப் பொம்பளைக! முழங்காலுக்கு மேல பாதிக் கைலியோட நின்னுக்கிட்டு, உருகுன எடத்த வெட்டிச் சொருகி, இந்தப் பக்கமா இழுத்துக் கட்டுனான். பொண்ணோட அத்தை ஒருத்தி, மாப்பிள்ளையைவிட இவன் காலுதான் அழகுன்னுச்சு."

பவளக்கொடி விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"ஏன் இந்தப் பக்கமா இழுத்துக் கட்டுனாரு?"

"அந்த இன்ஜினுக்கு சைலென்சர் இடது பக்கம்ல. சூடு அந்தப் பக்கம். அதான் இந்தப் பக்கம்..."

மரியசூசையின் கண் அதே பக்கம் உட்கார்ந்திருந்த டர்போவுக்குப் போனது.

குனிந்து துணியைப் பார்த்தார். ஓரமெல்லாம் பழுப்பேறியிருந்தது. இத்தனை நாளும் ஆயில் கறை என்று நினைத்திருந்தார். விரலால் தொட்டதும் ஒரு நூல் கருகிப் பொடியாக உதிர்ந்தது. அந்த வளைவும், பின்சீட்டில் பிள்ளைகள் போட்ட கூச்சலும் அவர் காதுக்குள் திரும்ப வந்தன.

உதிர்ந்த பொடியை விரல்களுக்கிடையே தேய்த்தார். பிறகு சொன்னார்: "அவன் கையால போட்ட முடிச்சு தாயி. அத நான் எப்படி அவுப்பேன்?"

பவளக்கொடி குறடைக் கீழே வைத்தாள். தானே அவிழ்க்கவும் இல்லை, வேறு குழாய் எடுக்கவும் இல்லை. இன்ஜின் ஆறட்டும் என்று பானெட்டை நன்றாகத் தூக்கி முட்டுக் கொடுத்துவிட்டு, அவர் நிற்க இடம் விட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

"தாவூது அண்ணன் இப்ப வந்து இதுக்குள்ள தலைய விட்டுப் பாத்தா, எந்தப் பக்கமா இழுத்துக் கட்டுவாரோ, அந்தப் பக்கமாக் கட்டிக் குடுங்கண்ணே."