கரிச்சானும் இரண்டாவது பெட்டியும்

மஞ்சப்பாறைக் காட்டில் ஒரு சர்வர் பெட்டிக்காகக் குரங்கும் கரடியும் தவளையும் அடித்துக்கொண்டன.

நம்ப முடியவில்லையா? நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அங்கே இருக்கும் புலி விட்டால் திரும்பியும் வரலாம்.

பறவைகளை எண்ண வந்த ஆராய்ச்சிக்காரர்கள் யாரோ ஓடைக்கரையில் ஒரு தகரக் கொட்டகை போட்டார்கள். சுவரில் ஆட்டுக்குட்டி அளவுக்கு ஒரு இரும்புக் கணினிப் பெட்டியை மாட்டினார்கள். பக்கத்தில் ஒரு பெரிய திரையும் கையில் எடுத்துப் போக ஒரு குட்டித் திரையும் வைத்தார்கள். கூரையில் சூரியத் தகடும் ஒலிபெருக்கியும் பதித்தார்கள். பிறகு ஒரே வாரத்தில் அட்டைக்கடி தாங்காமல் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினார்கள். அன்று முதல் பெட்டி காட்டுக்குச் சொந்தம்.

பெட்டி சும்மா கிடந்தால் அது வெறும் இரும்பு. அதற்குள் ஒரு இயங்குதளத்தை, அதாவது அதை ஓட்டும் மென்பொருளை, ஏற்றினால்தான் உயிர் வரும். எந்த இயங்குதளத்தை ஏற்றுவது? அங்கேதான் சண்டை.

குரங்குத் தலைவன் வீராசாமிக்குப் பளபளவென்று படம் காட்டும் இயங்குதளம் வேண்டும். எந்த மரத்தில் எந்தப் பழம் பழுத்தது என்று அது காட்டும். திரையில் ஓங்கி ஓர் அறை விட்டால் திறந்துகொள்ளும். கரடி காத்தமுத்துவுக்குத் தேன் வரைபடம் வேண்டும். காட்டில் எங்கே தேன் இருந்தாலும் அங்கே ஒரு மஞ்சள் புள்ளி மின்னும். தவளைகளின் தலைவி பொன்னாத்தாவுக்குப் படமும் வேண்டாம், புள்ளியும் வேண்டாம். மலையில் ஓடைத் தண்ணீர் ஏறினால் கூரை ஒலிபெருக்கியில் மூன்று குட்டைக் கத்தல், இரண்டு நெட்டைக் கத்தல் வர வேண்டும். அவ்வளவுதான்.

அந்தக் கத்தலைக் கேட்டதும் யானை பேச்சியம்மா ஒரு பாறையை உருட்டி வந்து தவளைக் குட்டையின் வாயை அடைப்பாள். குட்டைக்குள் இருக்கும் இரண்டாயிரம் தலைப்பிரட்டைகளும் வெள்ளத்தில் போகாமல் தப்பிக்கும்.

ஆனால் ஒருவர் தன்னுடையதை ஏற்றினால் அடுத்தவருடையது அழிந்துபோகும். ஒரு ஐப்பசியில் பலாப்பழம் பார்க்கும் அவசரத்தில் வீராசாமி தன்னுடையதை ஏற்றிவிட்டது. அன்று பார்த்து வெள்ளம் வந்தது. கத்த வேண்டிய நேரத்தில் ஒலிபெருக்கி பலாப்பழத்தின் விளம்பரப் பாட்டைப் பாடியது. பாதிக் குஞ்சுகள் போய்விட்டன.

"ஏலே வீராசாமி! உன் பலாப்பழத்துல இடி விழ!" என்று பொன்னாத்தா மூன்று நாள் அழுதது.

அப்போதுதான் வந்து சேர்ந்தது கரிச்சான் குருவி சிங்காரம். நீண்ட இரட்டைவால், பளபளக்கும் கறுப்புக் கோட்டு, எந்த மிருகத்தின் குரலையும் அப்படியே பேசும் தொண்டை. கரடியிடம் கரடியாக உறுமும், குரங்கிடம் குரங்காகக் கீச்சிடும்.

"ஒரு பெட்டி, மூணு இயங்குதளம்! மூணும் ஒரே நேரத்துல ஓடும்!" என்றது சிங்காரம்.

"அதெப்படிடா? ஒரு பாயில மூணு கரடி படுக்க முடியுமா?" என்று கேட்டது காத்தமுத்து.

"அண்ணே, அடியில நான் ஒரு மேலாளர் மென்பொருளைப் போடுவேன். அது பெட்டியைக் கண்ணுக்குத் தெரியாம மூணாப் பிரிக்கும். நீங்க கண்ணை மூடுற நேரத்துல உங்க பங்கைக் குரங்குக்குக் கொடுக்கும். குரங்கு பேன் பார்க்கிற நேரத்துல அதோட பங்கை உங்களுக்குக் கொடுக்கும். ஒவ்வொருத்தரும் மொத்தப் பெட்டியும் நம்மளுதுதான்னு நினைச்சுக்குவீங்க!"

"ஏமாத்துறதுன்னு சொல்லு," என்றது பொன்னாத்தா.

"நல்லதுக்கு ஏமாத்துறது, அக்கா!"

சொன்னபடியே செய்தும் காட்டியது. சண்டை நின்றது. குரங்கு திரையை அறைந்தது, கரடிக்குப் புள்ளி மின்னியது, தவளைகளின் காவல் ஒரு நொடியும் தூங்கவில்லை. சிங்காரத்துக்குக் கொட்டகையின் முகப்பில் நிரந்தர இருக்கை கிடைத்தது. பெட்டிச் சூட்டுக்குப் பறந்து வரும் பூச்சிகள் எல்லாம் நேராக அதன் வாயில்தான் விழும். ஒரே மாதத்தில் கறுப்புக் கோட்டு வயிற்றில் பிதுங்கியது.

பொன்னாத்தாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

"தம்பி, ஒருவேளை பெட்டி படுத்துட்டா?"

"அதையும் யோசிச்சாச்சு அக்கா! உங்களுக்குன்னு ரெண்டாவது பெட்டி வச்சிருக்கேன். இங்க பாருங்க!"

திரையில் இரண்டு கட்டங்கள். ஒன்றின் மேல் 'தவளை ஒன்று', மற்றதன் மேல் 'தவளை இரண்டு'. சிங்காரம் முதல் கட்டத்தை அணைத்தது. கண் இமைப்பதற்குள் இரண்டாவது விழித்துக்கொண்டு கத்தியது. மூன்று குட்டை, இரண்டு நெட்டை! தவளைகள் எல்லாம் வயிற்றை ஊதிக்கொண்டு ஆரவாரித்தன.

"அந்த ரெண்டாவது பெட்டி எங்க இருக்கு?" என்றது பொன்னாத்தா.

"பத்திரமா இருக்கு!"

சிங்காரம் பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. இரண்டு பெயர் எழுதி, இரண்டு கட்டம் வரைந்து, தினமும் இரண்டு என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அதற்கே அப்படித்தான் தோன்றிவிட்டது. எல்லாரையும் நல்லதுக்கு ஏமாற்றிய கரிச்சான் அதே கையோடு தன்னையும் ஏமாற்றிக்கொண்டது.

மறு ஐப்பசி வந்தது. குட்டையில் மீண்டும் இரண்டாயிரம் தலைப்பிரட்டைகள் வாலாட்டின.

ஒரு மத்தியானம் காத்தமுத்து கையிலிருந்த குட்டித் திரையைப் பார்த்தது. புதிதாக ஒரு மஞ்சள் புள்ளி! கரடி எழுந்து நடந்தது. புள்ளி கிட்டே வந்தது. கரடி மூங்கில் புதரைத் தாண்டியது, ஓடையைத் தாண்டியது. புள்ளி இன்னும் கிட்டே வந்தது. கடைசியில் காத்தமுத்து கொட்டகைக்குள் நுழைந்து சர்வர் பெட்டியின் எதிரிலேயே நின்றது.

"இங்கயா? உள்ளேயா?"

மூக்கை வைத்து முகர்ந்தது. ஆமாம், உள்ளேதான்! பெட்டியின் கதகதப்புக்காகக் கொசுத்தேனீக்கள் அதன் பின்பக்க ஓட்டைக்குள் கூடு கட்டியிருந்தன. கரடிக்குத் தேனுள்ள இடத்தைக் காட்டுவதுதான் பெட்டியின் வேலை. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்து தன்னையே காட்டிக்கொடுத்துவிட்டது.

"அண்ணே, வேண்டாம்! வேண்டாம்ணே!" என்று சிங்காரம் பறந்து வந்தது.

தேனைக் கண்ட கரடிக்குக் காது எங்கே கேட்கிறது? இரண்டு கையாலும் பெட்டியைச் சுவரோடு பெயர்த்தது. தரையில் போட்டுப் பிளந்தது. நாக்கை நீட்டி நக்கியது. ஒரு கரண்டித் தேன்கூடத் தேறவில்லை.

திரை இருண்டது. குரங்குகள் ஓடி வந்து கறுத்த திரையை ஆளுக்கு ஒரு அறை விட்டன. பொன்னாத்தா தத்தித் தத்தி வந்தது. அதே நேரம் மலை உச்சியில் மேகம் கறுத்து இடி உருண்டது.

"யாரும் பதறாதீங்க! ரெண்டாவது பெட்டி இப்ப எழுந்துக்கும்!" என்றது சிங்காரம்.

எல்லாரும் காத்திருந்தார்கள். ஒரு கொசுத்தேனீ வந்து வீராசாமியின் மூக்கில் உட்கார்ந்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

"எழுந்துக்கும்... கொஞ்சம் பொறுங்க..."

"ஏலே, எங்கடா அந்த ரெண்டாவது பெட்டி?" என்றது பொன்னாத்தா.

சிங்காரம் தரையில் கிடந்த பெட்டித் துண்டுகளைப் பார்த்தது. திரும்பப் பார்த்தது. அப்போதுதான் அதற்கு உறைத்தது. வால் இரண்டும் தொங்கிப்போயின.

"அக்கா... அது... இதுக்குள்ளதான் இருந்துச்சு."

பொன்னாத்தா திட்டக்கூட இல்லை. குட்டையின் பக்கம் திரும்பிப் பார்த்தது, அவ்வளவுதான். சிங்காரத்துக்கு அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. விருட்டென்று மலையை நோக்கிப் பறந்தது.

ஓடையின் இரண்டு வளைவு தாண்டியதும் கண்டது. செம்மண் நிறத்தில் தண்ணீர் மரங்களைப் புரட்டிக்கொண்டு வந்தது. சிங்காரம் உயிரைப் பிடித்துக்கொண்டு திரும்பியது. பேச்சியம்மா நின்ற புளியமரத்தின் உச்சியில் உட்கார்ந்து, தவளைக் குரலில் கத்தியது. மூன்று குட்டை, இரண்டு நெட்டை!

பேச்சியம்மா அண்ணாந்து பார்த்தாள்.

"மரத்து மேல தவளையா? வீராசாமி பயலே, என்கிட்டயே விளையாடுறியா?" என்று மறுபடி புல்லைப் பிடுங்கத் தொடங்கினாள்.

இன்னும் ஒருமுறை கத்தியது. யானை காதைக்கூட ஆட்டவில்லை. தண்ணீரின் இரைச்சல் கிட்டே வந்தது. ஒரே வழிதான் பாக்கி. காடே வியந்து பார்த்த கறுப்புக் கோட்டுச் சிங்காரம், யானையின் தும்பிக்கை நுனியில் வந்து உட்கார்ந்து தன் சொந்தக் குரலில் அலறியது:

"நான்தான் கத்தினேன் ஆத்தா! பெட்டி போச்சு! ரெண்டாவது பெட்டின்னு ஒண்ணு கிடையவே கிடையாது! நான் ஒரு முட்டாப்பய! தண்ணி வருது, பாறையைத் தள்ளு!"

பேச்சியம்மா அதன் முகத்தைப் பார்த்தாள். தன்னைத்தானே முட்டாள் என்று விளையாட்டுக்குக்கூட யாரும் இவ்வளவு சத்தமாகச் சொல்வதில்லை. அடுத்த கணம் பாறை உருண்டது. குட்டையின் வாய் அடைபடவும் வெள்ளம் வந்து பாறையில் மோதவும் சரியாக இருந்தது. தெறித்த தண்ணீரில் சிங்காரத்தின் நீண்ட வாலில் ஒன்று பிய்த்துக்கொண்டு போயிற்று. இரண்டாயிரம் தலைப்பிரட்டைகளும் உள்ளே வாலாட்டிக்கொண்டிருந்தன.

பிறகு தச்சன் குருவி என்னும் மரங்கொத்தி ஒன்றும் இரண்டு அணில்களும் சேர்ந்து பெட்டியை ஒட்டுப்போட்டன. இன்றும் அதில் மூன்று இயங்குதளங்களும் ஓடுகின்றன. கரடி மட்டும் கொட்டகையை விட்டு நூறு அடி தள்ளித்தான் நடக்க வேண்டும் என்று சட்டம்.

"அப்ப என் முகப்பு இருக்கை?" என்று ஒற்றைவால் சிங்காரம் மெதுவாகக் கேட்டது.

"அது எதுக்கு உனக்கு?" என்றது பொன்னாத்தா. "ரெண்டாவது பெட்டி இருக்குன்னு சொன்னியே, அது நீதான். மழைக்காலம் முடியுற வரைக்கும் மலை வளைவுல போய் உட்காரு. பூச்சி அங்கே கொஞ்சம் கம்மிதான். வயிறும் கொஞ்சம் இறங்கட்டும்!"

ஒரே பெட்டிக்குள் எத்தனை குடும்பத்தை வேண்டுமானாலும் குடிவைக்கலாம், ஆனால் ஆபத்துக்கு உதவ வேண்டியதையும் அதற்குள்ளேயே வைத்துவிட்டு இரண்டு இருக்கிறது என்று எண்ணுகிறவனுக்கு ஆபத்து வரும் நாளில் ஒன்றுகூட இருக்காது.