செல்போனில் அடங்காத மீசை

மிளகுவாய்ப்பட்டணத்தில் ராஜாவும் இருந்தார், வைஃபையும் இருந்தது. இரண்டும் ஒரே நாட்டில் எப்படி என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போய் வேறு வேலை பார்க்கலாம். மற்றவர்கள் கிட்டே வந்து உட்காருங்கள்.

ராஜாவின் பெயர் மத்தகஜராயர். முகம் சாதாரண முகம்தான். மீசைதான் அசாதாரணம். இடது நுனி கிழக்கு ஜன்னலைத் தொட்டால் வலது நுனி மேற்கு ஜன்னலைத் தட்டும். அவர் தும்மினால் இரண்டு பக்கமும் விளக்கு அணையும். அந்த மீசைக்காகவே ராஜா போய்வருகிற வாசல்களை எல்லாம் இடித்து அகலமாக்கியிருந்தார்கள்.

அரண்மனை வலைத்தளத்தை வடிவமைப்பவள் அலங்காரவல்லி. ஒருநாள் அவளைச் சபைக்குக் கூப்பிட்டார்கள்.

"அலங்காரவல்லி, குடிமக்கள் நம் பக்கத்தைத் திறந்ததுமே என் முகம் தெரியவேண்டும்."

"ஆகட்டும் மகாராஜா."

"பெரிதாகத் தெரியவேண்டும்."

"தெரியும் மகாராஜா."

"மீசையும் முழுசாகத் தெரியவேண்டும். ஒரு முடி வெட்டுப்படக் கூடாது. எந்தச் செல்போனிலும்!"

அங்கேதான் சிக்கல். மீசையோ குறுக்கே போகிறது. செல்போனோ நெட்டுக்கு நிற்கிறது. மீசை முழுசாக வரவேண்டுமென்று படத்தைச் சுருக்கினால் ராஜா முகம் எள்ளாகிவிடும். முகத்தைப் பெரிதாக்கினால் மீசை இரண்டு பக்கமும் அறுந்துபோகும்.

மந்திரி ஆதிமூலத்துக்கு வாயெல்லாம் பல். அவளுடைய வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கித்தர அவர் ரொம்ப நாளாகக் காத்துக்கொண்டிருந்தார். "மகாராஜா, தவறினால் என்ன தண்டனை என்றும் சொல்லிவிடுங்கள். இந்த அம்மாவுக்கு வேலை சுறுசுறுப்பாக நடக்கும்" என்றார்.

"என் மீசை வெட்டுப்பட்டால் இவள் மீசையை..." என்று ஆரம்பித்த ராஜா, அவளைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?"

"ஆகிவிட்டது மகாராஜா."

"அவனுக்கு மீசை உண்டா?"

"உண்டு மகாராஜா..."

"அப்படியானால் அது போகும். வெள்ளிக்கிழமை சபையில் பார்க்கலாம்."

அவள் புருஷன் தாண்டவக்கோன், அரண்மனைச் சமையல்கட்டின் பின்வாசல் காவல்காரன். சாப்பிட உட்கார்ந்தவன், சேதியைக் கேட்டதும் எடுத்த கவளத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டான்.

"ஏன்டி, வேலை உனக்கு, சவரம் எனக்கா?"

"சும்மா இருங்க. யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

"படத்தைப் பெரிசாவே போட்டுடு. ஜனங்க விரலால தள்ளித் தள்ளிப் பார்க்கட்டுமே."

"ஒரு தள்ளுக்கு இடது மீசை, இன்னொரு தள்ளுக்கு மூக்கு. திருவிழாவுல தொலைஞ்சுபோன குடும்பம் மாதிரி இருக்கும்."

"ஃபோனைப் படுக்கவெச்சுப் பார்க்கச் சொல்லேன்."

"பஸ்ஸுல தொங்கிக்கிட்டுப் போறவன் ஒத்தக் கையில எப்படிங்க படுக்கவெச்சுப் பார்ப்பான்?"

தாண்டவனுக்குக் கடுப்பு ஏறியது. "ஊருக்கெல்லாம் மீசையை விரிச்சுக் காட்டுறார் இந்த ராஜா. எங்க பின்வாசல்ல வந்து பார்த்தாத் தெரியும் அவர் சங்கதி!"

"என்ன சங்கதி?"

வீட்டில் வேறு யாருமில்லை. ஆனாலும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவள் காதில் சொன்னான். என்ன சொன்னான் என்று இப்போதே சொன்னால் கதை படுத்துவிடும். அலங்காரவல்லி விக்கல் வரும்வரை சிரித்தாள். பரிமாறிய கையைக்கூடக் கழுவாமல் லேப்டாப்பை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அதன் பித்தான்களில் இன்றைக்கும் ரசம் மணக்கும்.

வெள்ளிக்கிழமை. சபையில் பெரிய திரையில் பக்கம் திறந்தது. மீசை கப்பல் கயிறுபோல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"இதில் காட்டட்டும்!" என்று மந்திரி, நாட்டிலேயே ஒடுக்கமான செல்போனைத் தேடிப்பிடித்து நீட்டினார்.

திறந்தார்கள். திரை நிறைய ராஜா முகம். மீசை? இரண்டு நுனியும் முறுக்கிக்கொண்டு நெட்டுக்கு மேலே நின்றன!

"அக்கிரமம்! மகாராஜாவின் மீசையை வளைத்துவிட்டாள்! நாவிதரைக் கூப்பிடுங்கள்!" என்று கத்தினார் மந்திரி.

ஓரத்தில் நின்ற தாண்டவன் சட்டென்று மேலுதட்டைப் பொத்திக்கொண்டான்.

ராஜாவின் முகம் சிவந்தது. "என் மீசை எவன் முன்னாலும் வளையாது!"

"நிஜம்தான் மகாராஜா. கொஞ்சம் சமையல்கட்டுப் பின்வாசல்வரை வரமுடியுமா?" என்றாள் அலங்காரவல்லி.

ராஜாவின் குரல் இறங்கியது. "அங்கே எதற்கு?"

"இன்றைக்கு மெதுவடை."

சபையே கிளம்பிப் போனது. அது ராஜா போகிற வாசல் அல்ல என்று யாரும் அதை இடிக்கவில்லை. ஓர் ஆள் நுழைகிற ஒடுக்க வாசல். வடை வாசனை ராஜாவின் மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், சபை மறந்துபோனது. இரண்டு கைகளும் தாமாகவே எழுந்தன. இடது மீசையை மேலே ஒரு முறுக்கு, வலது மீசையை மேலே ஒரு முறுக்கு. வழுக்கிக்கொண்டு உள்ளே போய் வாய் நிறைய வடையோடு நின்றார். தினமும் செய்து பழகிய லாகவம்!

"மகாராஜா, மீசை வெட்டுப்பட்டதா?"

"ம்ஹூம்."

"சுருங்கியதா?"

"ம்ஹூம்."

"வாசல் ஒடுங்கினால் மகாராஜா முறுக்கிக்கொள்கிறார். அதைத்தான் வலைப்பக்கத்துக்கும் சொல்லிக்கொடுத்தேன். திரையை அதுவே அளந்துகொள்ளும். அகலமா? விரித்த மீசைப் படம் வரும். ஒடுக்கமா? முறுக்கிய மீசைப் படம் வரும். இரண்டுமே மகாராஜா வைத்துக்கொள்கிற மீசைதான்."

ராஜா சிரித்த சிரிப்பில் வடைத்தூள் பறந்து மந்திரியின் சால்வையில் விழுந்தது.

மந்திரி அதற்கும் அசையவில்லை. தன் ஸ்மார்ட் வாட்சைக் கழற்றி நீட்டினார். "இந்தப் பொட்டுத் திரையில்? எத்தனை முறுக்கினாலும் முகம் அடங்காதே!"

"அடங்காது ஐயா. அதனால் முகத்தையே எடுத்துவிட்டேன்."

கூட்டம் எட்டிப் பார்த்தது. வாட்சில் முறுக்கிய மீசை மட்டும் கம்பீரமாக நின்றது.

"வெறும் மீசையைப் பார்த்தே ஜனங்கள் 'எங்க ராஜா' என்று கும்பிடுவார்கள். இந்தப் பெருமை வேறு எந்த ராஜாவுக்கு உண்டு மகாராஜா?"

ராஜா நெகிழ்ந்துபோனார். "தாண்டவன் மீசைக்கு ஆயுசுக்கும் அரண்மனைத் தைலம்! இவளுக்கு வைரத் தோடு!" என்றார். பிறகு வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அது சரி, மந்திரி, உம்முடைய முகத்தை எடுத்துவிட்டால் இதில் என்ன மிஞ்சும்?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்று காலைதான் மழுமழுவென்று சவரம் செய்துகொண்டு வந்திருந்தார் மந்திரி.