முதலில் சிரித்தவர்

அரசன் தொடங்கிய போர் முடிகிற பாடாய் இல்லை. வீட்டுக்கு ஓர் ஆள் போயிற்று. பிறகு மிச்சமிருந்த ஆளும் போயிற்று. ஏன் என்று கேட்டவர்கள் காணாமல் போனார்கள்.

ஓவியர் நன்னாகரிடம் பாடம் கேட்டவள் வெண்ணி. ஒருநாள் விடியுமுன் சந்தைச் சுவரில் கரியால் ஒரு படம் வரைந்தாள். அரசன் தலைவாழை இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறான். இலை நிறையச் சோறு. உற்றுப் பார்த்தால், ஒவ்வொரு பருக்கையும் ஒரு போர்வீரன். ஏப்பம் விட்டுக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் போடு" என்று கை காட்டுகிறான் அரசன்.

சந்தை கூடியது. பார்த்தவர்கள் எல்லாரும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். அங்கே காவலுக்கு நின்ற மருதன் மட்டும் அடக்கமாட்டாமல் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவ்வளவுதான், சந்தையே சிரித்தது. கூட்டத்தோடு கூட்டமாக நின்ற வெண்ணிக்கு உடம்பு சிலிர்த்தது.

உச்சிவேளையில் அரண்மனை ஆட்கள் வந்தார்கள். வரைந்தது யார் என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை. முதலில் சிரித்தது யார் என்று தெரிந்துவிட்டது. மருதனைத் தூக்கில் போட்டார்கள். சுவருக்கு வெள்ளையடித்தார்கள். போர் நடந்துகொண்டுதான் இருந்தது.

வெண்ணிக்குச் சோறு இறங்கவில்லை. குருவிடம் வந்தாள்.

"நான் வரையாமல் இருந்திருந்தால் அந்த மனிதர் உயிரோடு இருந்திருப்பாரா, குருவே?"

"இருந்திருப்பார்."

அவள் வேறு பதிலை எதிர்பார்த்து வந்திருந்தாள்.

"அப்படியானால் இனி நான் வரையக் கூடாதா?"

"அதை அவர் மனைவியிடம் போய்க் கேள்."

"நான்தான் வரைந்தேன் என்று சொல்ல வேண்டியிருக்குமே. காட்டிக்கொடுத்துவிட்டால்?"

வெண்ணி போனாள்.

மருதனின் மனைவி நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். வெண்ணி சொன்னதைக் கேட்டதும் முறத்தைக் கீழே வைத்தாள். திட்டவில்லை, அழவும் இல்லை.

"பையன் போரில் செத்ததிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அப்படி என்னதான் வரைந்தாய்? காட்டு."

வெண்ணி அடுப்புக்கரி எடுத்துத் தரையில் வரைந்தாள். அந்த அம்மாள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"ராஜாவுக்கு மூக்கு மயிர்வரைக்கும் போட்டிருக்கிறாய், தாயி. இலையில் கிடக்கிற பிள்ளைகளுக்கு முகமே இல்லையே."

திரும்பி வந்து வெண்ணி நடந்ததைச் சொன்னாள்.

"வரையலாமா என்று கேட்டாயா?"

"கேட்க வாய் வரவில்லை, குருவே."

குரு கேட்டார்: "மருதன் சிரித்தபோது அவர் முகம் எப்படி இருந்தது?"

வெண்ணி நினைத்துப் பார்த்தாள்.

"தெரியவில்லை. சத்தம்தான் கேட்டது. நான் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்."

"திரும்பிப் போ," என்றார் குரு. "சிரிக்கும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று அந்த அம்மாவிடம் கேட்டுக்கொண்டு வா. பையன் முகத்தையும் கேள்."