ரப்பர் ஸ்டாம்பின் நடு இடம்

திருச்சி பாலக்கரையில் வருமான வரிக் கணக்குப் பார்க்கும் ஹமீதாவுக்கு ஒரே ஒரு சீடர். பெயர் நாகலிங்கம். குருவைவிட மூத்தவர். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பில்டர்களுக்குக் கட்டட வரைபடம் போட்டுக் கொடுப்பவர். தன் கணக்கைத் தானே எழுதப் பழக வேண்டும் என்று சனிக்கிழமைதோறும் வந்துவிடுவார்.

அந்தச் சனிக்கிழமை அவருக்கு முகமே சரியில்லை. உட்கார்ந்ததும் கால் ஆட ஆரம்பித்துவிட்டது.

“மேசை ஆடுது அண்ணே. என்னன்னு சொல்லுங்க.”

“கம்பெனி ஆரம்பிச்சுட்டேன் டீச்சர். மெயின் ரோட்டுல ரூம் பிடிச்சாச்சு. போர்டு எழுதக் குடுத்தாச்சு.”

“நல்ல சேதிதானே. ரூமுக்கு அட்வான்ஸ்?”

நாகலிங்கம் மின்விசிறியைப் பார்த்தார்.

“வரிக்குன்னு தனியா எடுத்து வைக்கச் சொன்னேனே, அதுலயா கை வெச்சீங்க?”

“முழுசும் போச்சு. கட்டற தேதி நெருங்குது. கண்ணை மூடினா நோட்டீஸ்தான் வருது. என் சம்சாரம் பூங்கோதைக்கு இது தெரியாது. ரூம் வாசல்ல கோலம் போடணும்னு நாள் பாத்துக்கிட்டு இருக்கா.”

ஹமீதா கணக்கு நோட்டை மூடி வைத்தார். நாகலிங்கம் மேசைமேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

“ஒரு வழி இருக்குங்கறாங்க. இந்த வருஷத்துப் பில்லையெல்லாம் கம்பெனி பேர்ல மாத்தி எழுதிடறேன். அப்ப சம்பாதிச்சது கம்பெனி, நான் இல்ல. புதுக் கம்பெனிகிட்ட முதல் வருஷம் வரி கேக்க மாட்டாங்களாமே?”

“யாரு சொன்னது?”

“டீக்கடையில ஒருத்தரு.”

“அவர் வரி கட்டறாரா?”

“அவருக்கு வருமானமே இல்ல டீச்சர்.”

ஹமீதா சிரிப்பை அடக்கிக்கொண்டார். “கம்பெனியில கூட்டாளி யாராச்சும்?”

“யாருமில்ல. நான் ஒருத்தன்தான்.”

“ஸ்டாம்ப் செஞ்சாச்சா?”

அதைக் கேட்டதும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. பையிலிருந்து எடுத்தார். சாமி படத்துக்கு முன்னால் வைத்துப் பூசை போட்டிருந்தார் போல. எழுத்துக்குள்ளெல்லாம் சந்தனம் அடைத்திருந்தது.

“முதல்ல அதைத் தொடைங்க. தொடைச்சுட்டு ஒரு பில்லுல குத்துங்க, பாப்போம்.”

குத்தினார். மேலே ‘திசை வரைபட நிறுவனத்துக்காக’. கீழே ‘உரிமையாளர்’. நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் வெள்ளை.

“இப்படியே குடுத்தா பில்டர் பணம் தருவாரா?”

“கையெழுத்து வேணுமே.”

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் குனிந்தார். ஹமீதா பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

“நீங்க ஏன் போடறீங்க? சம்பாதிச்சது கம்பெனிதானே. அது போடட்டும்.”

நாகலிங்கம் அந்த வெள்ளை இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டாம்ப் மை காய்ந்தது. கால் ஆட்டம் எப்போது நின்றது என்று அவருக்கே தெரியவில்லை.

“கம்பெனியும் நான்தான், வரியும் என் தலையிலதான். போர்டை வீட்டு வாசல்லயே மாட்டிக்கலாம்,” என்றார். “ரூம்காரர்கிட்ட அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டுப் பாக்கலாம். ஆனா பூங்கோதைகிட்ட இதை யாரு டீச்சர் சொல்றது?”

ஹமீதா பேனாவை அவர் பக்கம் நீட்டினார்.

“உரிமையாளர்தான் சொல்லணும் அண்ணே.”