பரிசல்காரன் கையில் கல்

குரு என்றதும் தாடியையும் கமண்டலத்தையும் தேட வேண்டாம். இந்தக் கதையில் குருவிடம் இருந்தது ஒரு ஸ்கூட்டியும், மீன்குழம்பு வாசனை போகாத ஒரு டிபன் டப்பாவும்தான். பெயர் ஜெபக்கனி. எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்கு அறிவியல் டீச்சர்.

சீடர் உலகநாதன் சார். 'அ' பிரிவுக்கு அறிவியல். குருவைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். மூத்தவர் போய் இளையவரிடம் பாடம் கேட்டு நின்றால் ஆசிரியர் அறை சும்மா இருக்குமா? வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்தது. நான் அங்கே தமிழ் வாத்தியார். எனக்கு மட்டும் வாய் இல்லையா, நானும் மென்றேன்.

இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ஜெபக்கனி டீச்சர் வகுப்பில் எப்போதும் இரைச்சல். இந்தப் பக்கம் உலகநாதன் சார் வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும். அந்த இரைச்சல் தாங்க முடியவில்லை என்று அவர் ஒரு தடவை ஹெச்.எம்.மிடம் புகார்கூடச் சொல்லியிருக்கிறார்.

அவர் வகுப்பில் பேசுவது வீடியோ மட்டும்தான். எல்லாம் அவரே செய்த வீடியோக்கள். படம் வரைந்து, அதை அசைய வைத்து, குரல் கொடுத்து, பின்னால் வீணையை மெல்ல ஓடவிட்டு அழகாகச் செய்வார். நெட்டில் ஆயிரக்கணக்கான பேர் பார்த்துவிட்டு 'சூப்பர் சார்' என்று எழுதுகிறார்கள். அவருடைய சொந்த வகுப்போ ஸ்மார்ட் போர்டைப் பார்க்கும், எழுதிக்கொள்ளும், மணி அடித்தால் எழுந்து போய்விடும்.

"சந்தேகம் உண்டா?" என்பார்.

மூச்!

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க?" என்பார்.

அதற்கும் மூச்.

அந்தச் சமயத்தில்தான் மேலிடத்திலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பாட வீடியோ தயாரிக்கும் வேலைக்கே வந்துவிடச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். நாங்கள் எல்லோரும் கைகொடுத்தோம். மனிதர் முகத்தில் சந்தோஷத்தைக் காணவில்லை.

"போயிரலாம்னுதான் பாக்கேன் வே," என்றார் என்னிடம். "முப்பது வருசம் கத்தியாச்சு. ஒரு பிள்ளை 'ஏன் சார்'னு கேட்டதில்ல. எனக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குல்லா?"

 எனக்குக் கஷ்டமாகப் போய்விட்டது. அன்றைக்கு நான் அவல் மெல்லவில்லை.

மத்தியானம் ஜெபக்கனி டீச்சர் சாப்பிட்டுவிட்டுக் குழாயடியில் டப்பா கழுவிக்கொண்டிருந்தார். உலகநாதன் சார் அங்கே போய் நின்றார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். என் பிள்ளைங்க ஏன் பேச மாட்டேங்கு?"

"கடைசியா என்ன காட்டுனீங்க சார்?"

பைக்குள்ளிருந்து டேப்லெட்டை எடுத்து வீடியோவை ஓடவிட்டார். ஒரு குளம். குளத்தில் பரிசல். பரிசலுக்குள் ஒரு ஆள், பக்கத்தில் ஒரு பெரிய கல். அந்த ஆள் கல்லைத் தூக்கிக் குளத்துக்குள் போடப்போகிறான். போட்டால் குளத்துத் தண்ணீர் மட்டம் ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா? கேள்வி முடிவதற்குள் விடை வந்துவிட்டது. கல் பரிசலில் இருக்கும்போது தன் எடைக்குத் தக்க தண்ணீரைத் தள்ளுகிறது. மூழ்கிய பிறகு தன் பருமனுக்குத் தக்க தண்ணீரை மட்டும் தள்ளுகிறது. அது குறைவு. ஆகவே மட்டம் இறங்கும். அம்புக்குறி, கலர், வீணை.

டீச்சர் ஈரக் கையோடு கடைசி வரை பார்த்தார்.

"ரொம்பத் தெளிவா இருக்கு சார். எனக்கு ஒரு சந்தேகமும் வரல."

உலகநாதன் சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா? சந்தோசம் டீச்சர்."

"நான் பாராட்டல சார்," என்று சொல்லிவிட்டு டீச்சர் டப்பாவை மூடினார்.

உலகநாதன் சார் ஒன்றும் மட்டி இல்லை. கற்பூரம். மறுநாள் வகுப்பில் பரிசல்காரன் கல்லைத் தூக்கிய இடத்திலேயே வீடியோவை நிறுத்தினார். அவன் கையில் கல்லோடு போர்டில் அப்படியே நின்றான். ஹைடெக் லேபிலிருந்து டேப்லெட்டுகள் வாங்கி வந்து பெஞ்சுக்கு ஒன்று கொடுத்திருந்தார். யார் எதற்குப் போட்டார்கள் என்று தெரியாமல் ஓட்டுப் போடலாம். பிள்ளைகள் குனிந்து குனிந்து போட்டார்கள். போர்டில் மூன்று கட்டம் எழும்பியது. முன்பே விடையைப் பார்த்து எழுதிக்கொண்ட வகுப்புதான், ஆனாலும் 'ஏறும்' என்ற கட்டம்தான் நெட்டையாக நின்றது.

"சரி, ஏறும்னு போட்டவங்க ஏன் போட்டீங்க? சொல்லுங்க பாப்போம்."

ஒருவரும் அசையவில்லை. இசக்கிராஜ் என்கிற பையனை எழுப்பினார்.

"கல்லு தண்ணிக்குள்ள போகுதுல்லா சார். அப்ப ஏறும்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"அப்ப எறங்கும் சார்."

"வெரி குட். உக்காரு."

முடிந்தது விவாதம்.

அடுத்த பீரியடு அங்கே எனக்கு. நான் உள்ளே நுழையும்போது நஸ்ரின் என்கிற பெண் ஒற்றைப் புருவத்தைத் தூக்கி, "நல்லா யோசிச்சுச் சொல்லு," என்று அச்சு அசலாக உலகநாதன் சார் மாதிரியே செய்துகொண்டிருந்தாள். வகுப்பு குலுங்கிச் சிரித்தது. என்னைக் கண்டதும் கப்பென்று அடங்கிவிட்டது.

"அது என்னம்மா?"

"ஒண்ணுமில்ல சார்."

"சும்மா சொல்லு. ஏச மாட்டேன்."

"அந்த சார் புருவத்தத் தூக்குனா தப்பு சார். தலைய ஆட்டுனா ரைட்டு. அதப் பாத்தாலே போதும். எதுக்குப் போட்டு யோசிக்கணும்?"

பெயரைச் சொல்லாமல் விஷயத்தை மட்டும் உலகநாதன் சாரிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று பார்த்தேன். அவர் புருவத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அப்புறம் எழுந்து ஜெபக்கனி டீச்சர் மேஜைக்குப் போனார்.

"டீச்சர், வீடியோவ நிறுத்திப் பாத்துட்டேன். ஓட்டும் எடுத்துட்டேன். அப்பவும் பேசல."

"வீடியோ நின்னுது சார். நீங்க நின்னீங்களா?"

"புரியலையே."

"நாளைக்கு என் கிளாஸுக்கு வாங்க. கடைசி பெஞ்சுல இடம் கிடக்கு."

போனார். எனக்கும் அந்த நேரம் ஓய்வு. வேடிக்கை பார்க்க நானும் ஒட்டிக்கொண்டேன்.

அங்கே போர்டில் பாடப்படம் எதுவும் இல்லை. ஒரு நாரை உட்கார்ந்திருந்தது. எங்கேயோ வெளிதேசத்தில் ஒரு வீட்டுக் கூரைமேல் அதன் கூடு. யாரோ கேமரா வைத்து, அந்த நிமிஷம் அங்கே நடப்பதை அப்படியே நெட்டில் விட்டுக்கொண்டிருந்தார்கள். மழை கொட்டியது. நாரை முட்டைகள்மேல் உட்கார்ந்து நனைந்துகொண்டிருந்தது. அதன் ஜோடி முந்தின நாளிலிருந்து வரவில்லையாம்.

"பசிக்குல்லா? எந்திச்சுப் போயிரும்," என்றான் ஒருவன்.

"போனா முட்டை குளுந்துரும்லே."

"இது பசியில செத்துட்டா முட்டைய யாரு பாப்பா?"

ஜெபக்கனி டீச்சர் ஒரு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, பிள்ளைகளோடு பிள்ளையாக நாரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உலகநாதன் சாருக்குப் பொறுக்கவில்லை. "அது போகாது. தாயாச்சுல்லா," என்றார் கடைசி பெஞ்சிலிருந்து.

கௌசல்யா என்று ஒரு பெண் சட்டென்று திரும்பினாள். "எப்படி சார் சொல்லுதீங்க?"

அவர் திகைத்துப்போனார். முப்பது வருஷத்தில் அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"தாய் எப்படிம்மா விட்டுட்டுப் போகும்?"

"எங்க வீட்டுக் கோழி போகுமே சார். எரை தின்னுட்டு ஓடி வந்துரும்."

"கோழி வேற, நாரை வேற."

"என்ன வேற சார்?"

அவருக்கு விடை தெரியவில்லை. தெரியாவிட்டாலும் விடுவதற்கு மனசில்லை. எழுந்து நின்று கையை ஆட்டி வாதாடினார். மழையில் முட்டை எவ்வளவு நேரம் தாங்கும் என்று அவர் ஒரு கணக்குச் சொன்னார். "வெயில் வந்துட்டா?" என்று அவள் அதை ஒரே அடியில் கவிழ்த்தாள். மணி அடித்தும் இரண்டு பேரும் நிறுத்தவில்லை. தோற்றுக்கொண்டிருந்த மனிதர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு! நான் அதுவரை பார்த்ததே இல்லை.

வராந்தாவில் டீச்சரைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், உங்களுக்குத் தெரியும்லா? அது போகுமா, போகாதா?"

"தெரியாது சார். நானும் அதத்தான பாத்துக்கிட்டிருக்கேன்."

கொஞ்ச தூரம் கூடவே நடந்தார். அப்புறம் நின்றுவிட்டார்.

"உங்க நாரைக்கு விடைய எந்தப் புத்தகத்துலயும் எழுதி வைக்கல. என் பாடத்துக்கு எழுதி வச்சிருக்கே. தெரிஞ்சதத் தெரியாதுன்னு பொய் சொல்லணுமா?"

"பொய் சொல்லாண்டாம் சார்."

"பின்ன, விடை தெரிஞ்சவன் என்னதான் செய்யணும்?"

டீச்சர் ஸ்கூட்டி சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பரிசல்காரன் கல்லப் போட்டு, தண்ணி எறங்குனத நீங்க பாத்தீங்களா சார்?"

"அதான் கணக்குப் போட்டா வருமே டீச்சர்."

"பாத்தீங்களா?"



வெள்ளிக்கிழமை வந்தது. காலையிலேயே உலகநாதன் சார் சத்துணவுக் கூடத்திலிருந்து பெரிய அண்டாவை 'அ' பிரிவுக்குத் தூக்கிப் போனார். ஒரு பக்கம் பிடிக்க என்னையும் கூப்பிட்டார், அதனால்தான் என்னால் இதைச் சொல்ல முடிகிறது. அண்டா நிறையத் தண்ணீர். அதில் பரிசலுக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் மிதந்தது. கிண்ணத்துக்குள் மைதானத்தில் பொறுக்கிய ஒரு கல். தண்ணீர் நிற்கும் இடத்தில் அண்டாவின் உள்பக்கம் சிவப்புக் கோடு போட்டார். வீடியோ எடுத்துப் பழகிய கையல்லவா? போனை அண்டாவுக்கு மேலே பொருத்தி, கோடும் தண்ணீரும் தொடும் இடத்தை மட்டும் ஸ்மார்ட் போர்டில் பெரிதாகத் தெரிய வைத்தார். பிள்ளைகள் டேப்லெட்டில் ஓட்டுப் போட்டார்கள். இந்தத் தடவை ஓட்டு விவரத்தை அவர் காட்டவில்லை.

"நஸ்ரின், கல்ல எடுத்துத் தண்ணியில போடும்மா."

போட்டாள். அலை எழும்பிச் சுற்றிச் சுற்றி அடங்கியது. எல்லாக் கண்ணும் போர்டில். தண்ணீர் சிவப்புக் கோட்டிலேயே நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"சார், எறங்கலையே," என்றான் இசக்கிராஜ்.

உலகநாதன் சார் குனிந்து அண்டாவுக்குள் பார்த்தார். போர்டைப் பார்த்தார். திரும்பவும் குனிந்தார்.  பாவம், அந்த மனிதருக்காக நான் பயந்தேன்.

"ஆமா. எறங்கல," என்றார்.

"அப்ப உங்க வீடியோ தப்பா சார்?" என்று கேட்டாள் நஸ்ரின்.

பிள்ளைகள் ஏச்சு விழும் என்று காத்திருந்தார்கள்.

"தெரியலையே," என்றார் உலகநாதன் சார்.

அவ்வளவுதான். மடை உடைந்தது.

"வீடியோ தப்புதாம்லே. அப்படியேதான் இருக்கும், நான் அதுக்குத்தான் போட்டேன்."

"போலே, கிண்ணத்த விட்டுட்டியே. கல்லு போனதும் அது மேல வந்துச்சுல்லா?"

"அலையில கொஞ்சம் தண்ணி வெளிய தெறிச்சிச்சு. திரும்பப் போடணும்."

"போன்ல ரெக்கார்டு ஆயிருக்குல்லா? பின்னால தள்ளிப் பாரு!"

நஸ்ரின் போர்டுக்கு ஓடி, காட்சியைப் பின்னுக்குத் தள்ளி, கோட்டை இன்னும் பெரிதாக்கினாள். நாலு பேர் அண்டாவைச் சுற்றி மண்டியிட்டார்கள். முட்டிக்கொண்டார்கள். வருஷம் முழுக்க வாயே திறக்காத பிள்ளைகள் பெஞ்சுமேல் ஏறி நின்று கத்தின.

அப்போதுதான் உலகநாதன் சாருக்கு விடை பிடிபட்டது. எனக்கு அது எப்படித் தெரியும் என்றால், புருவம் காட்டிக்கொடுத்துவிட்டது. காரணத்தை அப்புறம் என்னிடம் சொன்னார். அண்டா அகலம், கல் பொடிசு. தண்ணீர் இறங்கத்தான் செய்தது, கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு இறங்கவில்லை. ஒரு வாளியும் பெரிய கல்லும் இருந்தால் பளிச்சென்று தெரிந்துவிடும்.

விடை அவர் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து இசக்கிராஜ் கேட்டான்.

"சார், கல்லுதான் சின்னதுன்னு நான் சொல்லுதேன். இவ இல்லங்கா. சரியா சார்?"

கேட்டுவிட்டு, பழக்கதோஷம், அவர் புருவத்தைப் பார்த்தான். அவனைப் பார்த்து மொத்த வகுப்பும் பார்த்தது.

உலகநாதன் சார் வாயை மூடினார். அப்படியே திரும்பி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

பிள்ளைகள் கொஞ்ச நேரம் அவர் முதுகையே பார்த்தார்கள். முதுகில் என்ன எழுதியிருக்கும்?

"சரி விடுலே, நாமளே பாப்போம்," என்றாள் நஸ்ரின். "வேற பாத்திரம் கொண்டா."

மறுபடி ஆரம்பித்தது கூச்சல். முன்னைவிடப் பெரிதாக. அதைக் கேட்டு ஹெச்.எம். போனும் கையுமாக ஓடி வந்தார். பக்கத்து வகுப்பிலிருந்து ஜெபக்கனி டீச்சரும் வாசலுக்கு வந்தார். 'ஆ' பிரிவில் பாடமே கேட்கவில்லையாம்.

"உலகநாதன் சார், அந்த வீடியோ ஆபீஸ்லருந்து லைன்ல இருக்காங்க," என்றார் ஹெச்.எம். "வாரீங்களா இல்லையான்னு கேக்காங்க."

"வரலன்னு சொல்லிருங்க சார்," என்றது முதுகு.

ஹெச்.எம். போனைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார், ஜெபக்கனி டீச்சரைப் பார்த்தார்.

"அது சரி, இவரு ஏன் தண்டனை வாங்குன பிள்ள மாதிரி செவுத்தப் பாத்து நிக்காரு?"

"விடை தெரிஞ்சவரு சார்," என்றார் ஜெபக்கனி டீச்சர். "அப்படித்தான் நிக்கணும்."