கேஸ் பங்கில் இறங்கிய மாப்பிள்ளை

எங்கள் சங்கரன்கோவில் வேன் ஸ்டாண்டில் கோமதிநாயகம் வாயைத் திறந்தால், ராசம்மா அக்கா டீக்கடையில் பால் பொங்கி வழிவதைக்கூட யாரும் கவனிக்க மாட்டோம். அன்றைக்கு அவன் வயிற்றுப்பாட்டுக்காகப் பேசினான். ஒரு மாதமாக அவன் வேனுக்குச் சவாரியே இல்லை. கசமுத்து அண்ணாச்சி மகளுக்கு வியாழக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாரைக் கூட்டிவர அவருக்கு ஒரு வேன் வேண்டும். டீயைக் கையில் வாங்கியதும் அண்ணாச்சி நேராகவே கேட்டுவிட்டார்.

"ஏம்வே கோமதி, போன மாசம் ஒரு மாப்பிள்ளை வீட்டையே கேஸ் பங்குல விட்டுட்டுப் போயிட்டீராமே?"

கேஸ் பிடிக்கும்போது வண்டிக்குள் யாரும் இருக்கக் கூடாது. எல்லாரையும் இறக்கிவிட வேண்டும். பிடித்து முடித்ததும் திரும்ப ஏற்றவும் வேண்டும். அதைத்தான் அவன் மறந்துபோனான். எங்களுக்கே அவனை நினைத்தால் கூச்சமாக இருந்தது. அவனுக்குத்தான் அப்படியொன்று கிடையாதே.

"விட்டுட்டுப் போனது நெசம் அண்ணாச்சி. நான் பொய் பேச மாட்டேன். ஆனா காரணத்தக் கேளுங்க. என் வண்டி ஓடுதது உள்ள இருக்கவங்களுக்கே தெரியாது. ஏறுன ஒடனே தூங்கிருவாவ. தென்காசிக்கு வந்த ஒரு பெரியவரு, தென்காசியில எறக்கிவிட்ட பொறவு, 'எப்பம்பா கெளம்புவே'ன்னு என்கிட்ட கேட்டாரு. அப்ப, பின்னால சத்தமே இல்லன்னா நான் என்ன நெனைப்பேன்? எல்லாரும் தூங்குதாவன்னுதான?"

"வண்டியில கண்ணாடின்னு ஒண்ணு இருக்குல்லா?" என்றாள் ராசம்மா அக்கா.

"பின்னால வாரவனப் பாக்கத்தானக்கா கண்ணாடி? என் வேகத்துக்கு எவன் பின்னால வருவான்?"

ஆளுக்கு ஒரு வடையை எடுத்துக்கொண்டோம்.

"ஆளு மட்டுமா, கேஸ் டியூப்பையும் கழட்டாமத்தான் கெளம்பிட்டேன்."

"அடப்பாவி! அறுந்துருக்குமே?"

"வேற டிரைவர்னா அறுந்துருக்கும். நான் கிளச்ச விட்ட பக்குவத்துக்கு அது நீண்டுக்கிட்டே வருது. ரெண்டு கிலோமீட்டர், நாலு கிலோமீட்டர். கேஸு பாட்டுக்கு ஏறிக்கிட்டே இருக்கு. ஏறுன கேஸுல நாலு டயரும் தரையை விட்டு ரெண்டு முழம் ஒசந்துட்டு. ரோட்டுல ஒரு குழிகூட எனக்குத் தெரியல, பாத்துக்கிடுங்க."

"நம்ம ரோட்டுல குழி தெரியலன்னியே, இதுவரைக்கும் சொன்னதுல அதுதான்டா பெரிய புளுகு," என்றேன்.

"நீ சும்மா கெட. கழுகுமலை தாண்டவும் டியூப்பு அதுக்கு மேல நீள மாட்டேன்னுட்டு. வண்டி திணறுது. ரெண்டாவது கியரப் போட்டு ஒரு மிதி மிதிச்சேன் பாருங்க, கேஸ் அடிக்கிற மிசினு பெயந்து வந்துட்டு. அது கூடவே கூரை. கூரைக்குக் கீழ தரை. தரை மேல மாப்பிள்ளை, அவரு அத்தைமாரு, சீர்த்தட்டு எல்லாம் நின்னது நின்னபடியே வருது. மேளக்காரரு சும்மா வருவாரா? வாசிச்சுக்கிட்டே வாராரு. எதுக்க வந்த நாலு ஆட்டோக்காரனுவ வண்டியத் திருப்பி, கூடவே ஓட்டி கேஸ் புடிச்சுக்கிட்டானுவ."

"ஆட்டோவுல இருந்தவுகள எறக்குனானுவளா?" என்றாள் அக்கா.

"சட்டப்படி எறக்கித்தான் புடிச்சானுவ. கோவில்பட்டியில மண்டப வாசல்ல பிரேக்கப் போட்டேன். பங்கு வந்து பந்தலை ஒட்டிக் கச்சிதமா நின்னுட்டு. மாப்பிள்ளை பங்குல இருந்து ஒரு எட்டு வச்சு மணவறையில போய் உக்காந்துட்டாரு. முகூர்த்தத்துக்கு இன்னும் அஞ்சு நிமிசம் கெடக்கு. இப்பச் சொல்லுங்க அண்ணாச்சி, நான் யாரை விட்டுட்டுப் போனேன்?"

அண்ணாச்சி டீயை ஒரு வாய் உறிஞ்சினார். கோமதியின் குரல் அப்போதுதான் இறங்கியது.

"இந்தச் சவாரிய எனக்கே குடுங்க அண்ணாச்சி. வீட்டுல சும்மா இருந்து இருந்து எனக்கே வெக்கமா இருக்கு."

எனக்குப் பாவமாகப் போய்விட்டது. அக்காகூடக் கேலியை நிறுத்திவிட்டாள். அண்ணாச்சி மிச்ச டீயை நிதானமாகக் குடித்து முடித்தார்.

"சரிவே, வியாழக்கிழமை உம்ம வண்டிதான்."

கோமதி எங்களை ஒரு சுற்றுப் பார்த்தான். அந்த மிதப்பைக் கண்டு எனக்கு வந்த பரிதாபம் போயே போய்விட்டது.

"மாப்பிள்ளை வீட்டுக்கு வேற வேன் பேசிக்கிடுதேன்," என்றபடி அண்ணாச்சி எழுந்தார். "நீரு சந்தையில இருந்து காய்கறி ஏத்திட்டு வாரும். பூசணிக்கா கேஸ் பங்குல எறங்கி நிக்காது."