தலைவர் கேட்ட வளைவு

கரட்டுப்பட்டி ஊராட்சித் தலைவர் தங்கமாயனுக்கு ஊர் எல்லையில் தன் பேர் போட்ட வளைவு ஒன்று வைக்க ஆசை. அதற்காகப் பள்ளிக்கூடக் கூரைக்கென்று ஒதுக்கிய வரிப்பணத்தில் கை வைத்தார்.

கிராமசபைக் கூட்டத்தில் சத்துணவு சமைக்கும் ஒச்சம்மா மட்டும் எழுந்து, "மழை பெஞ்சா பிள்ளைக நனையுதுங்கய்யா" என்றாள்.

"என் பிள்ளைக டவுன்ல படிக்குது. இந்தப் பள்ளிக்கூடத்தால எனக்கு என்ன லாபம்? ஒண்ணே ஒண்ணு சொல்லு, பணத்தை விட்டுர்றேன்" என்றார் தலைவர்.

ஒச்சம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அப்ப வளைவுல பேர் எழுத வேண்டாங்கய்யா. பெயிண்டாவது மிச்சமாகும்."

"பேர் இல்லாம எதுக்கு வளைவு?"

"எழுதி என்னங்கய்யா செய்ய? கூரை விழுந்து பள்ளிக்கூடத்தை மூடிட்டா, நாளைக்கு அதைப் படிக்க ஊர்ல ஆள் வேணுமில்ல."

கூட்டம் சிரித்தது. மீசையைத் தடவி யோசித்த தலைவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பணம் கூரைக்கே போனது.

திறப்பு விழாவன்று பள்ளிச் சுவரில் அவர் பேரைச் சின்னதாக எழுதியிருந்தார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதை எழுத்துக்கூட்டி வாசித்தார்கள். உள்ளே போகாமல் வாசலிலேயே நின்ற தலைவர், "இன்னொரு தரம் படிங்கப்பா" என்றார்.